பாரிஸில் ஐந்தாம் இடம்

1976 மே 24 அன்று பாரிஸ் ஓட்டல் ஒன்றில் பத்து சிவப்பு ஒயின்களைப் பெயரை மறைத்து ஊற்றி வைத்தார்கள். நான்கு பிரான்ஸுடையவை, ஆறு கலிபோர்னியாவுடையவை. ருசி பார்த்தவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். நாபா பள்ளத்தாக்கின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பிடித்தது. உலகம் இன்றும் அதைப் பேசுகிறது. ஐந்தாவதாக வந்தது ரிட்ஜ் மோன்ட்டே பெல்லோ 1971. அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஐந்தாவதன் கதைதான் பெரிது.

அதன் ஊர் நாபா இல்லை. சான்டா குரூஸ் மலைத்தொடரில், கூப்பர்டினோவுக்கு மேலே உள்ள மோன்ட்டே பெல்லோ முகடு. 1885இல் ஓசியா பெரோனி என்ற இத்தாலிய மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து இங்கே 180 ஏக்கர் வாங்கினார். சரிவைப் படிப்படியாக வெட்டித் திராட்சை நட்டார்; அங்கே கிடைத்த சுண்ணாம்புக் கல்லைக் கொண்டே மலையை ஒட்டி ஒயின் ஆலை கட்டினார். 1892இல் முதல் ஒயின் வந்தது. 1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்ததும் அந்தத் தொழில் நொடித்துப்போனது.

1940களில் வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர், பெரோனியின் நிலத்துக்குக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த தோட்டத்தை வாங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கேபர்னே சாவிஞோன் கொடிகளை நட்டார். 1959இல் அது டேவ் பென்னியன், அவருடைய மூன்று சகாக்கள் கைக்கு மாறியது. நால்வரும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். முதல் வருஷம் கால் பீப்பாய் ஒயின் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கால் பீப்பாயின் தரம்தான் 1962இல் ரிட்ஜ் ஆலையை முறைப்படி திறக்க வைத்தது.

1969இல் பால் டிரேப்பர் வந்து சேர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் தத்துவம் படித்தவர், சிலியில் ஒயின் எடுத்துப் பழகியவர். பழத்தோடும் ஆலையோடும் இயல்பாக வரும் ஈஸ்ட்டே சாற்றைப் புளிக்க வைக்கட்டும் என்பது அவர் வழி. 1971 அறுவடை அவர் கையில் வந்தபோது, ஷார்ட் நட்ட கொடிகளுக்கு இருபது வயது கடந்திருந்தது.

இந்த மலைக்கு ஒரு குணம் உண்டு. பசிபிக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் குளிர்காற்று ஓயாமல் ஏறி வரும். பழம் அவசரப்படாமல் பழுக்கும். இனிப்பு ஏறும்போது புளிப்பு கரைந்துபோகாது. தோலின் துவர்ப்பும் நன்றாக முற்றும். அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் சிவப்பு ஒயினின் ஆயுள். இளசாக இருக்கும்போது நாக்கை இறுக்கிப் பிடிக்கும் என்பதால், அவசரமாகக் குடிப்பவருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

1976 போட்டிக்குக் கலிபோர்னியா ஒயின்கள் ஒரு சுற்றுலாக் குழுவினரின் சுமைகளோடு விமானத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. போட்டி முடிந்ததும் பிரான்ஸில் ஒரு வாதம் கிளம்பியது: கலிபோர்னியா ஒயின் இளமையில் மினுக்கும், வயதானால் தளர்ந்துவிடும், சில வருஷம் கழித்துப் பாருங்கள். நியாயமான சவால்தான் அது.

அடுத்த முப்பது வருஷமும் பாட்டிலுக்குள் வேலை நடந்துகொண்டே இருந்தது. துவர்ப்புத் துகள்களும் நிறத் துகள்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து, அடியில் வண்டலாக இறங்கின. கருஞ்சிவப்பு மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வந்தது. பழ வாசனை அடங்கி, உலர்ந்த இலை, தோல், மண் என்று வேறு வாசனைகள் எழுந்தன. சத்தில்லாத ஒயின் இதே காலத்தில் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

2006 மே 24 அன்று, அதே பத்து ஒயின்களை, அதே ஆண்டு அறுவடைகளை, லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி ருசி பார்த்தார்கள். முதலிடம் மோன்ட்டே பெல்லோ 1971. புள்ளிகள் 137. இரண்டாவதாக வந்த ஸ்டாக்ஸ் லீப் 119. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. பொறுக்கச் சொன்னவர்களுக்கு, முப்பது வருஷம் பொறுத்திருந்த ஒயினே பதில் சொன்னது.

இன்று ரிட்ஜின் ருசிக்கூடம் அதே மலையில் இருக்கிறது. மேலே போனால், தயவுசெய்து பாட்டிலின் பின் லேபிளைப் படியுங்கள். 2011 அறுவடையிலிருந்து, உள்ளே சேர்ந்த அத்தனையையும் அங்கே அச்சடிக்கிறார்கள்: கையால் பறித்த திராட்சை, இயற்கை ஈஸ்ட், பீப்பாயிலிருந்து இறங்கிய ஓக், கெடாமல் காக்க அளவோடு சல்ஃபர் டை ஆக்சைடு. சேர்த்த அத்தனையையும் சொல்ல அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தாத தொழிலில் தாமாகவே இதைச் செய்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

கூப்பர்டினோவிலும் சன்னிவேலிலும் நம்மவர் ஏராளம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் வண்டி நேரே நாபாவுக்குத்தான் போகிறது. அடுத்த முறை, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, இந்த மலைக்கு ஏறுங்கள். பாதை வளைந்து வளைந்து போகும். குடிக்காத ஒருவர் ஓட்டட்டும். இளைய அறுவடை ஒன்றையும், கிடைத்தால் பழைய அறுவடை ஒன்றையும் அருகருகே வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முதலில் இளையதை ருசியுங்கள்.