மகளிர் நோய்க் குறிகளின் வரலாறு

நோயை அறிதற்குக் குறி வேண்டும். புறத்தே தோன்றும் புண்ணை யாவரும் காண்பர்; உடலினுள்ளே மறைந்து வளரும் நோயை அறிதற்கே ஆராய்ச்சி வேண்டப்படுகின்றது. நம் சித்த வைத்தியர் நாடியைத் தொட்டும், நாவையும் விழியையும் நோக்கியும், சிறுநீரின் நிறமும் மணமும் கொண்டு நீர்க்குறி கண்டும், அந்நீரில் இட்ட எண்ணெய்த்துளி பரவும் வகையால் நெய்க்குறி கண்டும் நோயின் தன்மையைத் துணிந்தனர். உடலினின்று வெளிப்படும் பொருள் உள்ளே நிகழ்வதைக் கூறும் என்பதே அவர்தம் முறையின் அடிப்படை. இன்றைய மருத்துவ விஞ்ஞானம் குருதியிலும் சிறுநீரிலும் கலங்களிலும் தேடும் உயிரியற் குறிகளும் அதே அடிப்படையில் எழுந்தவையே. வேறுபாடு யாதெனின், ஒரு குறி எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதை எண்ணாலும் சோதனையாலும் வரையறுக்கும் முயற்சி பின்னதிற் சிறப்பாக நிகழ்ந்தமையேயாம்.

மகளிரின் கருப்பையும் சூலகமும் உடலின் ஆழத்தே அமைந்தவை. அவ்வுறுப்புக்களில் நோய் தோன்றின் கண்ணாற் காண்டல் அரிது. நாணங்காரணமாக அதனை வாய்விட்டுக் கூறுதலும் பலர்க்கு அரிது. ஆதலின் குறிகளின் தேவை இங்கே பெரிது. அக்குறிகளின் வரலாற்றில் ஒன்று பெருவெற்றியையும், மற்றொன்று பெரும் படிப்பினையையும் தந்தன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கருவுற்ற மகளிரின் சிறுநீர் ஏனையோர் சிறுநீரினின்றும் வேறுபட்டது என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. 14ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் எகிப்திய நாணற்றாட் சுவடி ஒன்று, பெண்ணின் சிறுநீரை வாற்கோதுமையிலும் கோதுமையிலும் ஊற்றிவர, அவை முளைப்பின் அவள் கருவுற்றாள் எனக் கொள்ளுமாறு கூறுகின்றது. 1963ஆம் ஆண்டில் எகிப்திய ஆராய்ச்சியாளர் சிலர் இதனைச் சோதித்து, கருவுற்றோர் சிறுநீரில் நூற்றுக்கு எழுபதளவில் வித்துக்கள் முளைத்தமையைக் கண்டனர். பிறக்கும் குழந்தை ஆணோ பெண்ணோ என்பது பற்றி அச்சுவடி கூறியது மட்டும் பொய்யாயிற்று. ஒரு குறி ஒரு வினாவுக்கு விடை தந்து, மற்றொரு வினாவுக்குப் பொய்யுரைத்தல் கூடும் என்பதற்கு இது தொன்மையான சான்று.

கருப்பையில் குழந்தைக்குப் பதிலாகத் திராட்சைக் குலைபோல் நீர்க்குமிழிகள் நிறைந்து வளரும் நிலையொன்றுண்டு. மக்கள் இதனை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என வழங்குவர். இதன் பின்னரோ, சிலவேளை இயல்பான மகப்பேற்றின் பின்னரோ, சூல்வித்தகத்தின் புறக்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகி, குருதி வழியே நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவுதல் உண்டு. இப்புற்றுநோயை 1889இல் விவரித்த செர்மானிய மருத்துவர் மாக்ஸ் சேங்கர், இது தாயின் இழையத்திலிருந்து தோன்றியது எனக் கருதினார். 1895இல் பெலிக்ஸ் மார்சான்ட் என்பார் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, இது கருவின் பகுதியாகிய சூல்வித்தகக் கலங்களிலிருந்தே தோன்றுவது என நிறுவினார். இக்கண்டுபிடிப்பின் முழுப்பயன் அறுபது ஆண்டுகளின் பின்னரே புலனாயிற்று.

1927, 1928ஆம் ஆண்டுகளில் பெர்லின் நகரின் சாரிற்றே மருத்துவமனையில் செல்மார் ஆஷ்ஹைம், பேர்னாட் சொண்டெக் என்னும் இருவர் ஒரு சோதனையை வகுத்தனர். கருவுற்ற பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினால், ஏறத்தாழ நூறு மணித்தியாலத்தில் அவற்றின் சூலகங்கள் முதிர்ச்சியுற்றன. அச்சிறுநீரில் ஓர் ஓமோன் மிகுந்திருத்தலே இதற்குக் காரணம். அது கபச்சுரப்பியிலிருந்து வருவது என முதலில் அவர்கள் எண்ணினர். சூல்வித்தகமே அதனைச் சுரக்கின்றது என்பதை 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஜோர்ஜியானா சீகர், கலங்களை உடலுக்குப் புறத்தே வளர்த்துக் காட்டினார். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் அதனைத் தொடரும் புற்றுநோயிலும் அவ்வோமோன் அளவுகடந்து மிகுகின்றது என்பதும் விரைவில் தெரிந்தது. கருவைக் காட்டிய குறி இவ்வாறு புற்றுநோயையும் காட்டுவதாயிற்று. இச்சோதனையை உலகுக்கு அளித்த இருவரும் யூதராதலின், நாற்சிகளின் ஆட்சியில் நாடு துறந்தனர்; ஆஷ்ஹைம் பாரிசையும் சொண்டெக் ஸ்ரொக்கோம் வழியாக எருசலேமையும் அடைந்தனர்.

குறி கிடைத்தது, மருந்து கிடைத்திலது. நோய் பரவியபின் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். அக்காலத்தில் வைத்தியர்க்கு அந்த ஓமோன், வரப்போகும் மரணத்தை அறிவிக்கும் ஓலையாக மட்டுமே இருந்தது.

மருந்தின் வரலாற்றில் நம் அண்டை நாட்டுக்கும் பங்குண்டு. 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழை மகளிரை வருத்திய ஒருவகைக் குருதிச்சோகை மதுவச் சாறு உண்பதால் நீங்குவதைக் கண்டார். அச்சாற்றிலிருந்த பொருளே பின்னர்ப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் இவ்வமிலத்தைச் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பீமாவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். போலிக் அமிலத்தைப் போன்று தோன்றி, அதன் தொழிலைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழுவினர் ஆக்கினர். அவற்றுள் ஒன்றினால் குழந்தைகளின் குருதிப்புற்றுநோய் சிறிது காலம் தணிவதை 1948இல் பொஸ்டன் நகரில் சிட்னி பாபர் காட்டினார். சுப்பாராவ் அவ்வாண்டிலேயே காலமானார். அவ்வினத்து மற்றொரு மருந்தே மெதோதிரெட்சேற்று.

விரைந்து பெருகும் சூல்வித்தகக் கலங்கள் போலிக் அமிலத்தைப் பெரிதும் வேண்டுவன. ஆகவே அதன் எதிரியாகிய மருந்து அக்கலங்களை அழித்தல் கூடும் எனக் கருதி, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மின் சியூ லீ என்னும் சீன மருத்துவரும் றோய் ஹேட்ஸ் என்பாரும் மெதோதிரெட்சேற்றைப் பயன்படுத்தினர். நுரையீரலிற் பரவிய கட்டிகள் மறைந்தமையை 1956இல் வெளியிட்டனர். உடலிற் பரவிய திண்மக் கட்டியொன்று மருந்தினால் மட்டுமே நீங்கியது அதுவரை காணப்படாத நிகழ்ச்சியாகும்.

இங்கேதான் ஒரு பெரும் வினா எழுந்தது. எக்சுக் கதிர்ப் படத்தில் நோய் இல்லை. நோயாளியும் நலம் பெற்றாள். ஆயினும் சிறுநீரில் ஓமோன் சிறிதளவு எஞ்சியிருந்தது. இனி மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா? மருந்தோ நஞ்சு, வாயைப் புண்ணாக்குவது, குருதியைக் குன்றச் செய்வது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நோயின்பொருட்டு, ஓர் எண்ணை மட்டும் நம்பி, அந்நஞ்சை மேலும் ஏற்றுதல் அறமோ எனப் பிறர் ஐயுற்றனர். லீயோ, ஓமோன் உள்ளவரை அதனைச் சுரக்கும் கலமும் உள்ளது. கலம் உள்ளவரை நோயும் உள்ளது எனத் துணிந்தார். குறி முற்றாக மறையும்வரை மருந்தைத் தொடர்ந்தார். இம்மாறுபாட்டின் முடிவில் 1957இல் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்க நேர்ந்தது. காலப்போக்கில் அவர் கொள்கையே உண்மையெனத் தெரிந்தது. மருந்தை முன்னரே நிறுத்தியவிடத்து நோய் மீண்டது. குறி மறையும்வரை தொடர்ந்தவிடத்து மீளவில்லை. 1961இல் ஹேட்ஸ் குழுவினர் ஐந்தாண்டு அனுபவத்தை வெளியிட்டபோது, நோய் பரவிய 63 மகளிரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் அது முற்றாக நீங்கியிருந்தது. 1972இல் லீயும் ஹேட்சும் லாஸ்கர் பரிசைப் பெற்றோருள் இடம்பெற்றனர்.

அதே 1972இல், அவ்வோமோனின் பீற்றா என்னும் கூற்றை மட்டும் குருதியிற் பிரித்தறியும் நுட்பமான முறையை வைற்றுகைற்றிஸ் அம்மையாரும் உடனாய்வாளரும் வெளியிட்டனர். சுண்டெலிகளின் காலம் முடிந்தது. பிரித்தானியாவில் 1973 முதல், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் உற்ற மகளிர் யாவரையும் பதிவுசெய்து, அவர்தம் ஓமோன் அளவைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு நடைபெறுகின்றது. ஒருகாலத்தில் உயிரைக் கொண்டே தீரும் எனப்பட்ட இந்நோய், தக்க கவனிப்புள்ள இடங்களில் இன்று பெரும்பாலும் குணமாவதொன்றாகிவிட்டது. குறைந்த இடர்நிலையினர் ஏறத்தாழ எல்லோருமே பிழைக்கின்றனர். பலர் பின்னர் நலமாக மகப்பேறும் அடைகின்றனர்.

இவ்வெற்றியைக் கண்டோர் சூலகப் புற்றுநோய்க்கும் இத்தகைய குறியொன்றைத் தேடினர். அந்நோய் வயிற்றினுள் அமைதியாக வளர்ந்து, பரந்தபின்னரே பெரும்பாலும் வெளிப்படுவது. 1981இல் பொஸ்டனில் றொபேட் பாஸ்ற் குழுவினர், அக்கலங்களைப் பற்றும் பிறபொருளெதிரி ஒன்றை ஆக்கினர். அது பற்றும் பொருள் சீ. ஏ. 125 எனப் பெயர் பெற்றது. அவர்கள் 1983இல் வெளியிட்ட கணக்கின்படி, சூலகப் புற்றுநோயுற்ற 101 பேரில் 83 பேருக்கு அது 35 அலகுக்கு மேற்பட்டிருந்தது. நலமுடைய 888 பேரில் நூற்றுக்கு ஒருவருக்கே அவ்வாறு மிகுந்திருந்தது. சிகிச்சையால் நோய் தணியுங்கால் அளவு தாழ்ந்தும், நோய் மீளுங்கால் உயர்ந்தும் வந்தது. ஆகவே நலமாயுள்ள பெண்கள் எல்லோரையும் ஆண்டுதோறும் சோதித்தால் நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

இந்நம்பிக்கையை எளிய எண்கணிதத்தால் நோக்குவோம். பதினாயிரம் பெண்களில் நால்வருக்கு நோய் உண்டெனக் கொள்வோம். குறி அந்நால்வரில் மூவரைக் காட்டும். நலமுடையோரில் நூற்றுக்கு ஒருவரையும் அது தவறாகக் காட்டுமாதலின், நோயில்லாத நூறுபேரும் அம்மூவருடன் சேர்ந்து அஞ்சி நிற்பர். அன்றியும் சீ. ஏ. 125 புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. கருப்பை அகப்படலம் பிறவிடங்களில் வளரும் நோய், கருப்பைத் தசைக்கட்டி, வயிற்றுக் காசம் ஆகியவற்றிலும், மாதவிடாய்க் காலத்திலும், கருவுற்ற நிலையிலும் அது உயர்வதுண்டு. மாறாக, புற்றுநோயின் முதல் நிலையில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது உயர்வதில்லை.

இவ்விடர் கற்பனையன்று. 78,216 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெருஞ் சோதனையொன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. சோதிக்கப்பட்டோரிடையே இந்நோயால் இறந்தோர் தொகை குறையவில்லை. 3,285 பெண்களுக்கு நோயில்லாமலே நோயுண்டு என்ற ஐயம் தோன்றிற்று. அவர்களுள் 1,080 பேர் சத்திரசிகிச்சைக்குட்பட்டனர். 163 பேர் அதனாற் கடுந்துன்பம் எய்தினர். பிரித்தானியாவில் 2001 முதல் 2005 வரை 202,638 பெண்களைச் சேர்த்து, ஒருமுறை கண்ட அளவை மட்டும் நோக்காது, ஆண்டுதோறும் அவ்வளவு மாறும் போக்கையும் கணித்துச் சோதித்தனர். நோய் சற்று முந்திய நிலையிற் பிடிபட்டது உண்மை. ஆயினும் 2021இல் வெளிவந்த இறுதி முடிவில் மரணம் குறைந்திலது. முன்னரே அறிதல் வேறு, காப்பாற்றுதல் வேறு என்ற உண்மையை மருத்துவ உலகம் இருபதாண்டு உழைப்பின் விலைகொடுத்துக் கற்றது.

ஒரு குறி வெல்வதற்கும் மற்றது தாழ்வதற்கும் காரணம் யாது? சூல்வித்தக ஓமோனை அந்நோய்க்குரிய கலங்கள் இடையறாது சுரக்கின்றன. கருவுறாத பெண்ணின் உடலில் அது மிகுவதற்கு வேறு காரணம் அரிது. அதன் அளவு நோய்க்கலங்களின் தொகையைப் பின்பற்றுகின்றது. யாவற்றுக்கும் மேலாக, குறி காட்டிய நோயை நீக்கும் மருந்து கையில் உள்ளது. சீ. ஏ. 125இற்கு இவை நான்கும் நிரம்பவில்லை. ஆயினும் அது பயனற்றதன்று. சூலக நோய் உறுதிப்பட்டவரின் சிகிச்சை பலிக்கின்றதா என்பதை அறிய இன்றும் அது கைக்கொள்ளப்படுகின்றது. நலமுடையோரைச் சலித்தெடுக்கும் சல்லடையாகக் கொண்டமையே தவறு.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் வழி வேறாக அமைந்தது. அங்கே குறி குருதியில் இல்லை. உறுப்பினின்று தாமே உதிரும் கலங்களில் உள்ளது. அக்கலங்களைக் கண்ணாடித்தட்டிற் பூசி நோயை அதன் முன்னிலையிலேயே அறியும் முறையை ஜோர்ஜ் பபனிக்கலோ 1928இல் முதலில் அறிவித்தார். 1941இலும் 1943இலும் அவரும் திறவுற்றும் வெளியிட்டவற்றின் பின்னரே அது நிலைபெற்றது. 1983இல் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் இந்நோய்க்கலங்களில் பப்பிலோமா வைரசின் 16ஆம் வகையைக் கண்டமை, நோயின் காரணத்தையே குறியாக்கிற்று. அவர் 2008இல் நோபல் பரிசு பெற்றார். காரணம் அறியப்பட்டமையால் தடுப்பூசியும் பிறந்தது. நம் நாட்டில் 1996 முதல் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்களில் கருப்பைக் கழுத்துச் சோதனை நடைபெற்று வருகின்றது. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியர்க்கு அத்தடுப்பூசி பாடசாலைகளிலே ஏற்றப்படுகின்றது.

இவ்வரலாற்றினின்று மாணவர் கொள்ளத்தக்கன இரண்டு. கண்ணாற் காணாதது இல்லை என்று கொள்ளற்க. லீயின் நோயாளிகள் பிழைத்தது, காணாததைக் குறியால் நம்பியமையால். கண்ட குறியெல்லாம் நோய் என்றும் கொள்ளற்க. நலமுடைய ஆயிரம் மகளிர் கத்திக்குட்பட்டது, குறியை அளவுக்கு மேல் நம்பியமையால். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, எந்தக் குறியை எவ்வினாவுக்கு விடையாக எத்துணை நம்பலாம் என எண்ணித் துணிவதே வைத்தியனது அறிவு. எனினும், குறி எத்துணை நுட்பமாயினும், சோதனைக்கு வாராத பெண்ணுக்கு அதனாற் பயனில்லை. காலந்தவறிய குருதிப்போக்கையும், நீங்காத வயிற்றுப் பொருமலையும் நாணத்தால் மறைக்கும் தாய்மாரும் சகோதரியரும் நம் இல்லங்களிலும் இருத்தல் கூடும். அவர்தம் சொல்லே முதற் குறி. அச்சொல்லைக் கேட்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அவர்கள் அச்சமின்றிச் சொல்லத்தக்க இல்லமே வேண்டும். கற்றோர் அதனை ஆக்குவாராக.