தொலைவும் திசையும்

குற்றாலம் எங்கே உளது என்று தென்காசியில் ஒருவரை வினவினால், அவர் இருவகையாக விடை கூறலாம். மேற்கே இவ்வளவு, பின்னர்த் தெற்கே இவ்வளவு என்பது ஒன்று. மலையை நோக்கிக் கைநீட்டி, இத்திசையில் இவ்வளவு தொலைவு என்பது மற்றொன்று. கணித நூலார் முன்னதைச் செவ்வக ஆயமுறை என்றும், பின்னதை முனை ஆயமுறை என்றும் வழங்குவர். ஊர் ஒன்றே, அதனைச் சுட்டும் மொழிதான் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்க்கும் கலையின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

கணக்கின் எளிமைக்காக, குற்றாலம் மேற்கே 4 கிலோமீட்டரும் தெற்கே 3 கிலோமீட்டரும் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். 16உம் 9உம் சேர்ந்து 25; அதன் வர்க்கமூலம் 5. ஆகவே நேர்த்தொலைவு 5 கிலோமீட்டர். மூன்றை நான்கால் வகுத்த விகிதத்திற்குரிய கோணமே திசை: மேற்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 37 பாகை. ஆனால் விகிதத்தை மட்டும் நம்பலாகாது. கிழக்கே 4, வடக்கே 3 சென்றாலும் அதே விகிதம் வருமன்றோ? எந்தக் கால்வட்டம் என்று பாராதவன் அருவியைத் தேடி எதிர்த்திசையில் நடப்பான்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் நில அளவையைத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். பின்பு ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியால் கோணங்களைக் கண்டு, முக்கோணங்களைத் தெற்கே கன்னியாகுமரிப் பகுதி வரை தொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் திசையையும் வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் பிரித்தபின்னரே வரைபடம் உருவாயிற்று. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இருவர் திருவிதாங்கூரை அளந்தனர். குற்றாலத்திற்கு அண்மையிலுள்ள செங்கோட்டை அன்று அந்நாட்டைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் மலையாள நாடு. அந்நாட்டில், சங்கமகிராமம் என்னும் ஊரில், 14ஆம் நூற்றாண்டில் மாதவர் என்னும் கணித மேதை வாழ்ந்தார். கோணத்திலிருந்து செங்குத்துத் தொலைவுகளைத் தரும் தொடர்களும், அத்தொலைவுகளின் விகிதத்திலிருந்து கோணத்தைத் தரும் தொடரும் அவருடையவை என்பர். பின்னதில் சிறிய தொலைவைப் பெரியதால் வகுக்க வேண்டும் என்பது விதி. நமது விகிதம் 0.75. அதிலிருந்து அதன் மும்மடிப் பெருக்கத்தில் மூன்றிலொன்றைக் கழித்து, ஐம்மடிப் பெருக்கத்தில் ஐந்திலொன்றைக் கூட்டி, இவ்வாறே மேலே செல்லச் செல்ல, அந்த 37 பாகையையே அணுகுவோம். 1530ஐ ஒட்டி ஜியேஷ்டதேவர் இயற்றிய 'யுக்திபாஷை' இவற்றின் நிறுவலை மலையாளத்தில் விளக்குகிறது.

ஐரோப்பாவில் நியூட்டன் 1671இல் எழுதி, 1736இல் அச்சேறிய நூலில் முனை ஆயமுறை இடம்பெற்றது. யாக்கோபு பெர்னூலி 1691இல் அதனை வெளியிட்டார். நுண்கணிதத்தில் இப்பெயர்ப்புக்கு ஒரு நுட்பம் உண்டு. தேர்ச்சக்கரத்தின் இரு ஆரக்கால்களுக்கு இடைப்பட்ட வெளி அச்சின் அருகே குறுகியும், விளிம்பின் அருகே அகன்றும் இருக்கும். ஆதலின் பரப்பின் சிறுதுண்டு ஒவ்வொன்றையும் நடுவிலிருந்துள்ள தொலைவால் பெருக்குதல் வேண்டும். அதனை மறந்தால் வட்டத்தின் பரப்பே பிழைபடும்.

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் சார்லஸ் விஷ் எழுதிய கட்டுரை, இம் மலையாளத் தொடர்களை 1834இல் ஐரோப்பியருக்கு அறிவித்தது. அறிஞருலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 110 ஆண்டுகள் கழித்து, 1944இல் முகுந்த மாராரும் சி. டி. ராஜகோபாலும் மீண்டும் ஆராய்ந்த பின்னரே அவை உரிய கவனம் பெறலாயின. மலைக்குக் கணவாய் உண்டு, மக்கள் போய்வந்தனர். அறிவு கடந்து செல்வதற்கோ மொழிபெயர்ப்பு ஒன்றே கணவாய். அதனைத் திறந்து வைப்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமையாகும்.