பதவி மாறும் நேரத்தில் போர் வந்தால் ஐரோப்பாவில் முடிவெடுப்பது யார்?

2024 நவம்பர் 18. பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 வெளியுறவு அமைச்சர்களும் கூடியிருந்தார்கள். தலைமை தாங்கியவர் ஜோசப் பொரெல். ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கைத் தலைவர், ஸ்பெயின்காரர். இன்னும் 12 நாளில் அவருடைய ஐந்தாண்டுப் பதவி முடிகிறது. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், நோட்டீஸ் பீரியடில் இருந்தார்.

நோட்டீஸ் பீரியடில் இருப்பவர் பொதுவாக ஃபைல்களை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். பொரெல் அப்படிச் செய்யவில்லை. காஸா போரைக் காரணம் காட்டி, இஸ்ரேலுடனான அரசியல் பேச்சுவார்த்தையை நிறுத்தி வைக்கலாம் என்று முன்மொழிந்தார். அது தேறாது என்பது கூட்டத்துக்கு முன்பே தெரிந்துபோன விஷயம். நெதர்லாந்து வெளிப்படையாகவே எதிர்ப்புச் சொல்லியிருந்தது. எதிர்பார்த்தபடியே அமைச்சர்கள் ஏற்கவில்லை.

அந்த நவம்பரில் ஆட்டம் கண்டது பிரஸ்ஸல்ஸ் மட்டுமில்லை. 5ஆம் தேதி அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்தார். மறுநாளே ஜெர்மனியில் ஷோல்ஸின் கூட்டணி உடைந்தது. 19ஆம் தேதி யுக்ரேன் போர் ஆயிரமாவது நாளைத் தொட்டது. டிசம்பர் 4ஆம் தேதி பிரான்ஸில் பார்னியே அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. ஒன்றியத்தின் இரண்டு பெரிய தலைநகரங்களிலும் உறுதியான அரசு இல்லாத நேரத்தில், பிரஸ்ஸல்ஸிலும் நாற்காலி கைமாறிக்கொண்டிருந்தது.

அவர் 'தலைவர்'தானே, ஏன் முடியலை?

பெயர்தான் பெரிசு. அதிகாரப்பூர்வப் பட்டம் 'உயர் பிரதிநிதி'. அமைச்சர்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், அஜெண்டா போடலாம், யோசனை வைக்கலாம். ஆனால் வெளியுறவுக் கொள்கையில் முடிவு என்றால் பெரும்பாலும் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு 'நோ' சொன்னால் கதை முடிந்தது. 26 பேர் ஒரு பக்கம் நின்றாலும் பிரயோஜனமில்லை. அதனால்தான் இந்தப் பதவியில் இருப்பவரை அமைச்சர் என்பதைவிட, வாட்ஸ்ஆப் குரூப்பின் அட்மின் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

விதியில் சின்னச் சின்ன சந்துகள் உண்டு. எதிர்க்கவும் மாட்டேன், ஆதரிக்கவும் மாட்டேன் என்று ஒரு நாடு ஒதுங்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 14 அன்று நடந்தது அதைவிட வேடிக்கை. யுக்ரேனுடன் உறுப்பினர் சேர்க்கைப் பேச்சைத் தொடங்கலாமா என்று தலைவர்கள் விவாதித்தபோது, ஹங்கேரி பிரதமர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார். அந்த யோசனையைச் சொன்னவர் ஷோல்ஸ். ஓர்பான் திரும்பி வருவதற்குள் மற்ற 26 பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். அதே இரவில், யுக்ரேனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை ஓர்பான் தடுத்தார் என்பது வேறு விஷயம்.

2024இல் சிக்கல் இன்னும் கூடியது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஒன்றியத்தின் சுழற்சி முறைத் தலைமை ஹங்கேரியிடம். பொறுப்பேற்ற ஐந்தாம் நாளே ஓர்பான் மாஸ்கோவில் புதினைச் சந்தித்தார். மற்ற நாடுகள் கொதித்துப்போயின. ஆகஸ்ட் கடைசியில் அமைச்சர்களின் முறைசாராக் கூட்டம் ஹங்கேரியில் நடந்திருக்க வேண்டியது. பொரெல் அதை பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றினார். அவர் கையில் இருந்த அதிகாரம் அவ்வளவுதான்: கூட்டம் எங்கே நடக்கும் என்று முடிவு செய்வது! இஸ்ரேல் அமைச்சர்கள் சிலர் மீது தடை விதிக்கலாம் என்று அங்கே அவர் வைத்த யோசனையும் நகரவில்லை.

புதியவர் வந்த பிறகு?

டிசம்பர் 1 அன்று பொறுப்பேற்ற காயா கல்லாஸ், எஸ்டோனியாவின் முன்னாள் பிரதமர். அதே ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா தன் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது இவரைத்தான். முதல் நாளே கீவ் போனார். ஒரு வாரத்தில் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. சிரியா விஷயத்தில் ஒருமனதான கருத்து உருவானது. 2025 மே மாதத்தில் பொருளாதாரத் தடைகளை நீக்க ஒப்புக்கொண்டார்கள். காஸா விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. தலைமையில் இருந்தவர் இரண்டிலும் ஒரே ஆள்தான்.

அப்படின்னா ஆள் மாறினால் எதுவுமே மாறாதா? மாறும், ஆனால் மாற்றம் தலைநகரங்களில் தொடங்குகிறது. பொரெலின் யோசனையை எதிர்த்த அதே நெதர்லாந்து அமைச்சர் காஸ்பர் ஃபெல்ட்காம்ப், ஆறே மாதத்தில், இஸ்ரேலுடனான ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்டார். காஸாவுக்குள் உணவும் மருந்தும் போகாமல் இஸ்ரேல் தடுத்திருந்த நேரம் அது. 17 நாடுகள் ஆதரித்தன, ஆய்வு நடந்தது. மனித உரிமைக் கடமைகளை இஸ்ரேல் மீறியதற்கான அறிகுறிகள் உண்டு என்று ஜூனில் முடிவு வந்தது. ஆகஸ்டில் ஃபெல்ட்காம்ப் ராஜினாமா செய்தார். இஸ்ரேலுக்கு எதிராகக் கூடுதல் நடவடிக்கைக்குச் சொந்த அமைச்சரவையே ஒத்துவராததுதான் காரணம்.

செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வேறு வழியில் முயன்றது: இஸ்ரேலுக்கான வர்த்தகச் சலுகைகளை நிறுத்தும் யோசனை. வர்த்தகத்துக்கு ஒருமனதான சம்மதம் வேண்டாம். மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட 15 நாடுகள் போதும். கணக்கு லேசாகத் தெரியும். ஆனால் ஜெர்மனி, இத்தாலி போன்ற பெரிய நாடுகள் சேராவிட்டால் அந்த 65ஐத் தொடுவது ரொம்பக் கஷ்டம்.

நமக்கு இதில் என்ன?

இந்தக் கூட்டங்களின் முடிவு குஜராத் வரை வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ரஷ்யா மீதான 18ஆவது தடைத் தொகுப்பில் நயாரா எனர்ஜியின் வாடினார் சுத்திகரிப்பு ஆலை சேர்க்கப்பட்டது. அதில் ரஷ்யாவின் ரோஸ்னெஃப்டுக்குக் கிட்டத்தட்ட பாதிப் பங்கு உண்டு. அந்தத் தொகுப்பு அதற்கு முன் வாரக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. தடுத்தது ஸ்லோவாக்கியா, சுமார் 54 லட்சம் பேர் வாழும் நாடு. ரஷ்ய எரிவாயுவை நிறுத்தும் திட்டத்தில் தனக்கு நஷ்டம் வரக்கூடாது என்று உத்தரவாதம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 18 அன்று வீட்டோவைக் கைவிட்டது. அன்றே தொகுப்பு நிறைவேறியது.