இரும்புச் சிலுவையும் ஆண்டு மயக்கமும்

பழம்பொருளுக்கு விலையேற்றுவது பெரும்பாலும் அதனுடன் கட்டப்படும் சீட்டே. ஜேர்மனியப் போர்ப் பதக்கங்களுள் புகழ்பெற்ற இரும்புச் சிலுவை இதற்குத் தக்க சான்றாகும். நெப்போலியனை எதிர்த்த போரின்கண், 1813 ஆம் ஆண்டில், பிரசிய மன்னன் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் இவ்விருதை நிறுவினான். பின்னர் 1870, 1914, 1939 ஆம் ஆண்டுகளில் மூண்ட போர்களுக்காக அது புதுப்பிக்கப்பட்டது.

அவ்வாறு புதுப்பித்த இரண்டாம் வகுப்புச் சிலுவையின் முன்புறத்தில் அவ்வப்போர் தொடங்கிய ஆண்டும், பின்புறத்தில் விருது நிறுவிய 1813 உம் பொறிக்கப்பட்டன. ஆதலின், பின்புறத்தை மட்டுங் காட்டி, ‘நெப்போலியன் காலத்தது, கிடைத்தற்கரியது’ எனச் சீட்டெழுதுதல் எளிதாகின்றது. முதலாம் உலகப் போரில் இவ்வகுப்புச் சிலுவை பெற்றோர் ஏறக்குறைய 50 இலட்சம் பேர். இதனை அறியாதவன் மலிந்த பொருளுக்கு அரிய பொருளின் விலையைக் கொடுக்கின்றான். அதனினும் பெரிய இழப்பொன்றுண்டு: 1914 இன் போர்வீரன் வரலாற்றினின்றும் மறைகின்றான். சீட்டைப் படிக்குமுன் பொருளின் இருபுறத்தையும் படித்தல் வரலாற்று மாணவனின் கடனாகும்.