கழிமுகங்களில் பெருகும் 'வரத்தன் கக்கா'

உடும்பஞ்சோலை வட்டத்தில் பாயும் பன்னியாறு, முதிரப்புழையாற்றில் கலந்து, பெரியாற்றின் வழியாகக் கொச்சிக் காயலைச் சென்றடைகிறது. அக்காயலிலும் கேரளத்தின் பிற கழிமுகங்களிலும் சில ஆண்டுகளாக அயல்நாட்டுச் சிப்பி ஒன்று பெருகி வருகிறது.

இதன் அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. கேரள மீனவர்கள் இதற்கு இட்ட பெயர் 'வரத்தன் கக்கா', அதாவது வெளியூரிலிருந்து வந்தேறிய சிப்பி. சென்னையை அடுத்த எண்ணூரில் இதனைக் 'காக்கா ஆழி' என்கின்றனர்.

தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கடற்கரைகளே இதன் தாயகம். 1986-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மின்நிலையமொன்றின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டபோது இது கவனத்துக்கு வந்தது. பின்னர் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளிலும் காணப்பட்டது. கேரளக் கடலோரத்தில் இது பரவியுள்ளதை 2019-இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றிவந்து துறைமுகங்களில் வெளியேற்றும் நீரிலும், அவற்றின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் இது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

உப்பு மிகுந்த நீர், உப்பு குறைந்த நீர் இரண்டையும் தாங்கும் ஆற்றலே இதன் பெரும் பலம். முழு நன்னீரில் நிலைத்து வாழாது என்பதால் மலைப்பகுதி ஆறுகளுக்கு இப்போது நேரடி ஆபத்து இல்லை. நுண்ணிய இளம் உயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து பரவுகின்றன. உணவு குறையும்போது பெண் சிப்பிகள் ஆணாக மாறுவதும் ஆய்வில் தெரியவந்துள்ளது. நூலிழை போன்ற நார்களால் ஒன்றையொன்று பற்றி, அடித்தரை முழுவதும் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும்.

பாதிப்பு இங்குதான் தொடங்குகிறது. சேற்றில் புதைந்து வாழும் இறால்களுக்கும் உள்ளூர்ச் சிப்பிகளுக்கும் இடமில்லாமல் போகிறது. கொல்லம் அஷ்டமுடி ஏரியில் மஞ்சள் சிப்பி சேகரிப்பு பல குடும்பங்களின் வாழ்வாதாரம். 2014-இல் நிலைத்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்றினை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது இத்தொழிலே. இச்சிப்பியின் பெருக்கம் மிகக் கடுமையாகப் பதிவானதும் அதே ஏரியில்தான்.

எண்ணூரில் கொசஸ்தலையாற்றில் கையால் தடவி இறால் பிடிப்போர், ஓடுகளின் கூர்முனைகள் கைகால்களைக் கிழிப்பதாகக் கூறுகின்றனர். இவ்விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. சிப்பிகளை அகற்றும் செலவை யார் ஏற்பது என்பதில் தமிழக நீர்வளத் துறைக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

கப்பல் நிலைப்பு நீரை முறைப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டபோதிலும், 2017 செப்டம்பர் 8-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது.