131ஆம் எண் டாங்கி

இங்கிலாந்து நாட்டுப் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில், சுழல்கோபுரத்தின் மேல் 131 என்னும் எண்ணைத் தாங்கி ஜெர்மானிய டைகர் டாங்கி ஒன்று நிற்கின்றது. 1943 பிப்ரவரியில் காசெல் நகரில் உருவான அது, இரண்டே திங்களில் துனீசியப் போர்க்களத்தில் பிரிட்டானியரிடம் சிக்கியது. ஏப்ரல் 21ஆம் நாள், ஜெபல் ஜாஃபா குன்றருகே, டாங்கிப் படையினர் தாக்கியதால் அது பிடிபட்டதென்றே நூல்கள் பல்லாண்டுகள் உரைத்தன. அச்சில் கண்டதையே வரலாறெனக் கற்பித்தவன் யானும்!

அக்கூற்றை அசைத்தவர் பேராசிரியர் அல்லர். அக்களத்தில் நின்ற காலாட்படை வீரர் ஒருவரின் மகன். தந்தை வாய்மொழியாகச் சொன்ன செய்தியும் நூற்செய்தியும் முரண்படவே, அவர் ஆராயத் தொடங்கினார். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் ஒப்புநோக்கப்பட்டன. பிடிபட்ட நாள் ஏப்ரல் 24 என்றும், இடம் குரியாத் எல் அத்தாச் என்றும் தெளிந்தது. அருங்காட்சியகமும் தன் பழைய கூற்றைத் திருத்திக்கொண்டது.

கோபுரத்தைச் சுழலவிடாது தடுத்த குண்டின் தழும்பு இன்றும் அவ்வண்டியில் உள்ளது.