தாதியும் பரீட்சையும்

நோயுற்றுக் கிடக்கும் ஒருவர், தம் படுக்கையருகே மருந்துக் கிண்ணத்தோடு வந்து நிற்கும் தாதியை நோக்கி, அவர் எங்கே பயின்றார், அவரது கல்வியைச் சோதித்தவர் யார் என்று கேட்பதில்லை. கேட்கும் நிலையில் அவர் இருப்பதுமில்லை. அந்தத் தாதியின் அறிவிலும் கவனத்திலும் அவர் தம் உயிரையே ஒப்படைத்துவிடுகின்றார். ஆகவே, அவர் கேட்க இயலாத கேள்வியை அவர் பொருட்டு வேறொருவர் முன்னரே கேட்டு, தக்க விடை பெற்றிருத்தல் வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர் யார்? பயிற்சி அளித்த வைத்தியசாலையா, அரசாங்கமா, தாதியர் தாமே அமைத்த சபையா? எந்த முறையிலே கேட்பது? இவ்வினாக்களைப் பற்றிய வழக்கு, இங்கிலாந்திலே தொடங்கி அமெரிக்காவிலே வளர்ந்து, நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வந்திருக்கின்றது. அதன் வரலாறு நேயர்கள் அறிந்து சிந்திக்கத் தக்கதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலே தாதித் தொழில் மதிப்பற்ற தொழிலாகவே இருந்தது. சாள்ஸ் டிக்கின்ஸ் தம் நாவலொன்றிலே படைத்த சேறி காம்ப் என்னும் மதுப்பிரியையான தாதியின் உருவம், அக்கால மக்கள் மனத்திலே பதிந்திருந்த படத்தைக் காட்டுவதாகும். இந்த நிலையை மாற்றியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கிரைமியப் போரிலே அவர் ஆற்றிய பணியைப் பாராட்டி மக்கள் திரட்டிக் கொடுத்த 44,000 பவுணுக்கு மேற்பட்ட நிதியைக் கொண்டு, 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஒன்று தொடங்கப்பெற்றது. முதலிற் சேர்ந்தவர்கள் 15 பெண்களே.

அப்பாடசாலையில் மாணவியரை மதிப்பிட்ட முறை கவனிக்கற்பாலது. நேரந்தவறாமை, அமைதி, நம்பத்தகுந்த தன்மை, உடற்சுத்தமும் உடைச்சுத்தமும், நோயாளர் விடுதியைப் பேணும் திறன் என்னும் தலைப்புகளின் கீழ், ஒவ்வொருத்தியின் நடத்தையும் பதிவேட்டிலே குறித்து வைக்கப்பட்டது. அன்றாடம் உடனிருந்து காணும் மேற்பார்வையாளரின் கண்ணே அங்கே முதன்மையான பரீட்சகராக விளங்கிற்று. நல்ல தாதிக்கு வேண்டியது நல்லொழுக்கமும் நோயாளியை உற்றுநோக்கும் பழக்கமும் என்றும், இவற்றை வினாத்தாளால் அளக்க முடியாதென்றும் நைற்றிங்கேல் அம்மையார் உறுதியாக நம்பினார். ஒரு முறை பரீட்சையிலே சித்தியடைந்து பதிவேட்டில் இடம்பெற்றவள் பின்னர் எவ்வாறு நடந்துகொள்கின்றாள் என்பதை அப்பதிவேடு எவ்வாறு அறியும் என்பது அவரது ஐயம்.

இக்கொள்கைக்கு எதிர்க்கொள்கையை உயர்த்திப் பிடித்தவரும் ஒரு தாதியே. எதெல் கோர்டன் மான்சன் என்னும் அவர், 1881ஆம் ஆண்டிலே, தமது 24ஆம் வயதில், இலண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையின் மேற்றனாக நியமனம் பெற்றவர். 1887ஆம் ஆண்டிலே பெட்போர்ட் பென்விக் என்னும் வைத்தியரை மணந்து, பென்விக் அம்மையார் என வழங்கப்பெற்றார். அதே ஆண்டில் அவரது முயற்சியால் பிரித்தானியத் தாதியர் சங்கம் தோன்றிற்று. மூன்றாண்டு வைத்தியசாலைப் பயிற்சி, எல்லோருக்கும் பொதுவான பரீட்சை, சட்டத்தால் நிறுவப்பட்ட பதிவேடு என்னும் மூன்றும் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். நல்ல வைத்தியசாலையிலே மேற்பார்வையாளர் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த தாதி ஒருத்தி இருக்கலாம். ஆனால், ஊரறியாத ஓரிடத்திலே சில மாதம் எடுபிடி வேலை செய்துவிட்டு, தாதிக்குரிய உடையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்று ஊதியம் பெறுபவளைப் பொதுமக்கள் எவ்வாறு இனங்காண்பர் என்பதே அவரது கேள்வி. அவளைத் தடுக்க அன்று எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

இவ்விரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆகவே வழக்கு எளிதில் முடியவில்லை. சங்கத்திற்கு 1893ஆம் ஆண்டில் அரச சாசனம் கிடைத்ததாயினும், பெயர்ப்பட்டியலொன்றை வைத்திருக்கும் உரிமையே அதனாற் கிடைத்தது. சட்ட வலிமையுள்ள பதிவேடு கிடைக்கவில்லை. பெரிய வைத்தியசாலைகளின் நிருவாகிகள் பலர் பதிவை எதிர்த்தனர். தங்கள் தாதியரின் தகுதியை வெளியார் ஒருவர் அளப்பதை அவர்கள் விரும்பவில்லை.

தாய்நாடு தயங்கி நின்ற காலத்தில், கடல் கடந்த நாடுகள் முந்திக்கொண்டன. தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றநாட்டில், கிம்பர்லி வைத்தியசாலையிற் பணியாற்றிய சகோதரி ஹென்றியற்றா ஸ்ரொக்டேலின் முயற்சியால், 1891ஆம் ஆண்டின் சட்டமொன்று தாதியரை அரசாங்கப் பதிவுக்கு உட்படுத்திற்று. நியூசிலாந்திலே, வைத்தியசாலைகளின் உதவிப் பரிசோதகராக இருந்த கிரேஸ் நீல் அம்மையாரின் உழைப்பால், தாதியருக்கென்றே தனியான பதிவுச் சட்டம் 1901ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. மூன்றாண்டுப் பயிற்சியையும் அரசாங்கப் பரீட்சையையும் அது விதித்தது. 1902ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி எலன் டோகேட்டி என்பவர் அப்பதிவேட்டில் முதலாமவராக இடம்பெற்றார். நியூசிலாந்துப் பெண்கள் 1893ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும்.

இங்கிலாந்தின் மனத்தை மாற்றியது முதலாம் உலகப்போராகும். போர்க்காலத்திலே, சிறிதளவே பயிற்சி பெற்ற தொண்டர் பெண்கள் ஆயிரக்கணக்கில் நோயாளர் விடுதிகளிற் புகுந்தனர். அவர்களுடைய தியாகம் பெரிது. எனினும், முழுப்பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்னும் வேறுபாடு மங்கிப்போயிற்று. போர் முடிந்த பின்னர், 1919ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலே தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறிற்று. பொதுத் தாதியர் சபை அமைந்தது. 1921ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பதிவேட்டில் முதலாம் இலக்கத்துக்கு நேரே எழுதப்பட்ட பெயர் பென்விக் அம்மையாருடையது. முப்பதாண்டுக்கு மேல் நீடித்த போராட்டத்தின் முடிவு அது. நைற்றிங்கேல் அம்மையாரோ 1910ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அரசாங்கத்தின் இறுதிப் பரீட்சை 1925ஆம் ஆண்டிலே முதன்முறையாக நடைபெற்றது.

அமெரிக்காவின் வரலாறு வேறு வழியிற் சென்றது. அங்கே தாதியர் பதிவு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1903ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வட கரோலினா முதற் சட்டத்தை இயற்றிற்று. நியூ ஜேர்சி, நியூ யோர்க், வேர்ஜீனியா ஆகியன அதே ஆண்டிற் பின்தொடர்ந்தன. ஆனால் அச்சட்டங்கள் பட்டத்தைக் காத்தனவேயன்றி நோயாளியைக் காக்கவில்லை எனலாம். பதிவு பெற்ற தாதி என்னும் பெயரை மற்றவர் சூடுதல் குற்றம். பெயரைச் சூடாது தொழில் செய்தல் குற்றமன்று. கூலிக்குத் தாதித் தொழில் புரியும் ஒவ்வொருவரும் அனுமதி பெற்றே ஆகவேண்டுமென்று முதலில் விதித்த மாநிலம் நியூ யோர்க். அதற்கான சட்டம் 1938ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

பரீட்சைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. ஒவ்வொரு மாநிலச் சபையும் தன் வினாக்களைத் தானே ஆக்கி, கட்டுரை விடைகளைத் தன் உறுப்பினரைக் கொண்டே திருத்தியது. ஒரு மாநிலத்திற் சித்தியடைந்தவரை மற்றொரு மாநிலம் ஏற்குமென்ற நிச்சயமில்லை. அன்றியும், தென் மாநிலங்கள் சிலவற்றிலே கறுப்பினத் தாதியர் பிறரோடு சமமாக மதிக்கப்படுவதற்குத் தடைகள் பல இருந்தன. 1908ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற கறுப்பினப் பட்டதாரித் தாதியரின் தேசிய சங்கம், இத்தடைகளை நீக்குவதற்காக நெடுங்காலம் போராடவேண்டியிருந்தது. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுமானால், அது அளவுகோலாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இரண்டாம் உலகப்போர் இங்கேயும் மாற்றத்தை விரைவுபடுத்திற்று. 1943ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் பயிற்சித் தாதியர் படையொன்றை நிறுவி, பயிற்சிக் காலத்தை 30 மாதங்களாகச் சுருக்கிற்று. பயின்று வெளிவரும் பெருந்தொகையினரைக் கைத்திருத்தத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கச் செய்தல் இயலாதாயிற்று. ஆகவே 1944ஆம் ஆண்டில், தாதியர் கல்விக்கான தேசியக் கழகத்தின் பொறுப்பிலே, மாநிலச் சபைகள் யாவும் பயன்படுத்தத்தக்க பொதுவினாத் தொகுதியொன்று உருவாக்கப்பட்டது. கட்டுரைக்குப் பதிலாக, தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிந்து குறிக்கும் பல்தேர்வு வினாக்கள் அமைந்தன. விடைத்தாள்களை இயந்திரம் திருத்திற்று. இத்துறையில் முன்னோடியென மதிக்கப்படுபவர் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த லூயிஸ் மக்மனஸ் அம்மையார். சில ஆண்டுகளுள் நாடெங்கும் இப்பரீட்சை பரவிற்று. ஒரே நாளில், ஒரே வினாவுக்கு, நாட்டின் எந்த மூலையில் இருந்தும் விடையளிக்கும் நிலை தோன்றியது.

பின்னர் 1978ஆம் ஆண்டிலே மாநிலத் தாதியர் சபைகள் ஒன்றுசேர்ந்து தேசிய மன்றம் ஒன்றை அமைத்தன. அதன் புதிய அனுமதிப் பரீட்சை 1982ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாட்கள் எழுத வேண்டியிருந்த அப்பரீட்சை, 1994ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் தொடக்கம் கணினிக்கு மாறிற்று. அதன் முறை விந்தையானது. பரீட்சார்த்தி சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். அவரது ஆற்றல் வேண்டிய எல்லைக்கு மேலா கீழா என்பது ஐயமின்றித் தெரிந்தவுடன் கணினி நின்றுவிடும். எனவே, ஒருவருக்கு வினாக்கள் குறைவாகவும் மற்றொருவருக்கு மிகுதியாகவும் அமைவதுண்டு.

இந்தப் பெரும் பரீட்சை அதற்கு முன் நிற்கும் மற்றொரு பரீட்சையையும் பிறப்பித்தது. ஒரு கல்லூரியின் மாணவருள் எத்தனை பேர் முதன்முறையிலேயே சித்தியடைகின்றனர் என்பதைக் கொண்டு, மாநிலச் சபைகள் அக்கல்லூரியையே எடைபோடுகின்றன. நூற்றுக்கு 80 அல்லது அதையொத்த விகிதம் பல மாநிலங்களில் எதிர்பார்க்கப்படுகின்றது. விகிதம் குறைந்தால் எச்சரிக்கை வரும். தொடர்ந்து குறைந்தால் அங்கீகாரத்துக்கே ஆபத்து நேரும். இந்த அச்சத்தினால், மாணவர் அனுமதிப் பரீட்சைக்கு ஆயத்தமா என்பதை முன்கூட்டியே அறிவதற்கான ஆயத்தப் பரீட்சைகளைக் கல்லூரிகள் தனியார் நிறுவனங்களிடமிருந்து விலைகொடுத்துப் பெற்றன. பலவீனமான பாடத்தை மாணவருக்குக் காட்டி, அதைத் திருத்திக்கொள்ளத் துணைபுரியும்வரை இது நன்மையே.

ஆனால் சில கல்லூரிகள் அங்ஙனம் நின்றுவிடவில்லை. பாடங்கள் அனைத்திலும் சித்தியடைந்து, விடுதிப் பயிற்சியையும் முடித்த மாணவியொருத்தி, இந்த ஒரே ஆயத்தப் பரீட்சையிற் குறித்த புள்ளியை எட்டவில்லையாயின், அவளுக்குப் பட்டம் வழங்காது நிறுத்திவைத்தன. பட்டமின்றி அனுமதிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க இயலாது. கடன்பட்டுக் கற்ற குடும்பத்துக்கு இது எத்தகைய இடி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், இப்பரீட்சைகளின் கணிப்பிலே ஒரு குறையும் உண்டு. உயர்ந்த புள்ளி பெற்றவர் அனுமதிப் பரீட்சையிற் சித்தியடைவர் என்று அவை பெரும்பாலும் சரியாகக் கூறுகின்றன. குறைந்த புள்ளி பெற்றவர் தவறுவர் என்று கூறுவதில் அத்துணை வலிமை அவற்றுக்கில்லை. குறைந்த புள்ளி பெற்றோரிற் பலரும் பின்னர்ச் சித்தியடைகின்றனர். கல்லூரியின் பெயரைக் காக்கும் வேலி, தகுதியுள்ள தாதியையும் வெளியே நிறுத்திவிடலாம் என்பதே இதன் பொருள். அமெரிக்காவின் தேசியத் தாதியர் கழகம் 2012ஆம் ஆண்டிலே நேரிய பரீட்சைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, தனியொரு பரீட்சையின் புள்ளியை மட்டும் கொண்டு மாணவரின் எதிர்காலத்தை முடிவுசெய்தல் ஆகாதென அறிவுறுத்தியது.

மொழியினால் நேரும் இடரையும் இங்கே கருதுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டிலே கனடாவின் மாகாணங்களிற் பெரும்பாலானவை இந்த அமெரிக்கப் பரீட்சையை ஏற்றன. பிரெஞ்சு மொழியிற் கற்ற மாணவர், வினாக்களின் மொழிபெயர்ப்பைக் குறித்தும், தம் மொழியில் ஆயத்த நூல்கள் போதாமை குறித்தும் முறையிட்டனர். தாதித் தொழிலில் ஒருவருக்குள்ள அறிவு வேறு. அன்னிய நடையில் அமைந்த வினாவை விளங்கிக்கொள்ளும் திறன் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி அளக்கும் பரீட்சை தன் கடமையிலிருந்து வழுவுகின்றது. தாய்மொழியிற் கற்று வேற்றுமொழியிற் பரீட்சை எழுதிய அனுபவமுள்ள எந்தச் சமூகமும் இதனை எளிதில் உணரும்.

2023ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே அனுமதிப் பரீட்சை மீண்டும் சீர்திருத்தப்பட்டது. ஒரு நோயாளியின் நிலையைப் படிப்படியாக விரித்துரைத்து, எந்தக் குறியைத் தாதி கவனிக்கின்றார், எதை முதன்மையானதாக மதிக்கின்றார், யாது செய்கின்றார், செய்தபின் விளைவை எவ்வாறு ஆராய்கின்றார் என்பவற்றைச் சோதிக்கும் வினாக்கள் இப்பொழுது இடம்பெறுகின்றன. மனனத்தை விட்டு, நோக்குதலையும் தீர்மானித்தலையும் அளக்கும் முயற்சி இதுவாகும். நோயாளியை உற்றுநோக்கும் பழக்கமே தாதிக்கு முதற் கல்வி என்று நைற்றிங்கேல் அம்மையார் வற்புறுத்தியதை, அவர் எதிர்த்த பரீட்சையே இன்று அளக்க முற்படுகின்றது.

எனவே, அவ்விரு அம்மையாருள் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்று கூறிவிட முடியாது. அறிவில்லாதவர் நோயாளியை அணுகாதபடி காப்பதற்குப் பொதுப் பரீட்சை இன்றியமையாதது. அந்த வகையில் பென்விக் அம்மையாரின் வழக்கு நிலைநாட்டப்பெற்றுவிட்டது. ஆயினும், நள்ளிரவிலே நோயாளியின் முனகலைக் கேட்டு எழுந்து வருபவர் யார், கேளாதவர் போல இருப்பவர் யார் என்பதை எந்த வினாத்தாளும் இதுவரை காட்டவில்லை. அதை உடனிருந்து பயிற்றுபவரே அறிவர். ஆகையால் பரீட்சையைக் கடுமையாக அமைப்போர், பயிற்றுவோரின் சாட்சியத்தையும் மதித்தல் வேண்டும். ஒரு நாளின் புள்ளியைப் பல ஆண்டுகளின் உழைப்போடு ஒப்புநோக்கியே தீர்ப்பளித்தல் வேண்டும். அவ்வாறு அளிக்கும் தீர்ப்பே நோயாளிக்கும் மாணவிக்கும் ஒருங்கே நீதியானதாகும்.